மேகத்துக்குக் குடி போனோம்

வீடு மாற்றுவதைவிடப் பெரிய சங்கடம் உலகத்தில் உண்டா என்று நம்மில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பரணிலிருந்து இறங்கும் சாமான்களைப் பார்த்தாலே பாதி உயிர் போய்விடும். எந்தப் பூட்டுக்கு என்று யாருக்குமே தெரியாத சாவிகள், மூடி இல்லாத பாத்திரங்கள், பாத்திரம் இல்லாத மூடிகள், "எதற்கும் இருக்கட்டும்" என்று பத்து வருஷமாகக் கட்டி வைத்த மூட்டைகள்! ஒரு குடும்பத்துக்கே இந்தப் பாடு என்றால், 140 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி தன் கணக்கு வழக்கு முழுவதையும் தூக்கிக் கொண்டு குடி போவதென்றால் எப்படி இருக்கும்? அதுவும் போகிற இடம் அடுத்த தெரு அல்ல, மேகம்!

சிரிக்காதீர்கள். 'கிளவுட்' என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வானத்தில் ஒன்றும் இல்லை. மும்பையிலும் ஹைதராபாதிலும் இன்னும் பல ஊர்களிலும் கோட்டை மாதிரிப் பெரிய கட்டடங்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குக் குளிர்சாதனம், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர், வாசலில் காவல். அந்தக் கம்ப்யூட்டர்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். நாம் இருந்த இடத்தில் இருந்தபடியே இண்டர்நெட் மூலம் அவற்றில் வேலை செய்து கொள்ளலாம். மேகம் என்பது இவ்வளவுதான்.

இதற்கு முன் எல்லா ஆபீஸ்களிலும் இருந்தது ஸர்வர். ஹோட்டலில் காபி கொண்டு வந்து வைப்பவரை நாம் ஸர்வர் என்போம் அல்லவா? இந்த யந்திரமும் அதே உத்தியோகம்தான் பார்க்கிறது. அவரவர் மேஜையிலிருந்து "அந்தக் கணக்கைக் கொண்டு வா" என்றால் கொண்டு வந்து கொடுக்கும். அதற்கென்று ஆபீஸில் ஒரு தனி அறை, ஓயாமல் ஓடும் ஏ.ஸி., பாட்டரிகள். கம்பெனியின் மானமும் மரியாதையும் அந்த அறைக்குள்தான்.

நான் சென்னையில் பம்ப்செட்டும் மோட்டாரும் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைக் கவனித்துக் கொள்கிறவள். கோயமுத்தூர், மதுரை, திருச்சியில் எங்களுக்குக் கிளைகள் உண்டு. எங்கள் ஸர்வர் அறையை 22 வருஷமாகக் காத்து வந்தவர் ஒரு பெரியவர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணன். படிப்பு பெரிதாக இல்லை; ஆனால் அந்த யந்திரத்தின் மூச்சு கொஞ்சம் மாறினாலும் அவர் காதுக்குத் தெரியும்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு கரை கடந்து வந்தபோது எங்கள் ஆபீஸின் கீழ்த் தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. கணக்கு இருந்த தட்டுகளை மட்டும் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக் கொண்டு மாடிக்குப் போய்விட்டார். யந்திரம் போயிற்று, கணக்கு பிழைத்தது. 2016-ல் புது ஸர்வர் வாங்கி முதல் மாடியில் வைத்தோம்.

பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாசக் கடைசி, 140 வீட்டில் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள். கரண்ட் நின்று ஸர்வரும் நின்றுவிட்டது. அதை மறுபடி இயக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு பொத்தானுக்காக, போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொண்டு அண்ணன் 11 கிலோ மீட்டர் சைக்கிள் மிதித்துப் போனார்.

2023 ஏப்ரலில் அந்த ஸர்வருக்கும் வயதாகிவிட்டது. இனி உதிரிச் சாமான் தர இயலாது என்று தயாரித்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. புதிதாக ஒன்று வாங்குவதா, கிளவுடுக்குப் போவதா? முதலாளி யோசித்தார். "அம்மா, நீங்களே ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள். கம்ப்யூட்டர்காரர்களைக் கேட்டால் யந்திரத்தைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது என் வியாபாரம் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பது" என்றார். இப்படித்தான் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் வேலை ஜாபிதா. எங்களிடம் என்னென்ன இருக்கிறது, யார் உபயோகிக்கிறார்கள், மாசத்தில் எந்த நாளில், எதை நம்பி எது ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர் நிலை. சம்பளக் கணக்கு வருகைப் பதிவை நம்பி இருக்கிறது. பில் சரக்கு இருப்பை நம்பி இருக்கிறது. சரக்கு இருப்போ கிடங்கில் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரை நம்பி இருக்கிறது. ஒரு செங்கல்லை உருவினால் எந்தச் சுவர் விழும் என்று தெரியாமல் வீட்டை இடிக்கலாமா? மொத்தம் 31 தினுசுகள் தேறின. அவற்றில் ஏழு எதற்காக இருக்கின்றன என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டேன். "ஞாபகம் இல்லீங்க அம்மா" என்றார். மறுநாளும் அதே பதில். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் விவரம் சொல்லக் கூடிய மனிதருக்கு ஞாபகம் இல்லையாம்!

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்த அறைக்குப் போனேன். வழக்கம் போல் ஏ.ஸி.யைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

"அண்ணே, என் மேல் ஏதாவது வருத்தமா?" என்றேன்.

"உங்க மேல என்னம்மா வருத்தம்? எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. சின்னப் பொண்ணு நர்ஸிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. இந்த அறையே இல்லேன்னு ஆயிட்டா, அப்புறம் நான் எதுக்கும்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதரிடம் அவர் 22 வருஷம் சேர்த்த அறிவைக் கேட்கிறோம். அதைக் கொடுத்த மறுநாள் "போய் வாருங்கள்" என்று சொல்லப் போகிறோமா, இல்லையா என்பதைத் தெரிவிக்காமல் கேட்கிறோம். அவர் எப்படி வாயைத் திறப்பார்?

மறுநாள் முதலாளியிடம் போனேன். அவரும் தம் கணக்கைப் போட்டு வைத்திருந்தார். புது யந்திரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம், ஏ.ஸி. வேண்டாம், "அண்ணன் சம்பளமும் மிச்சம்தானே அம்மா?" என்றார். பொல்லாதவர் அல்ல, வியாபாரி.

"ஸார், அந்தச் சம்பளத்தை மிச்சத்தில் எழுதினால் திட்டமே இல்லை. நாம் போகப் போகிற ஊருக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். போன பிறகும் வேலை குறையாது. வேலையின் ஜாதி மாறும். சாவிகளைக் காக்க வேண்டும், பிரதி எடுத்ததைச் சோதிக்க வேண்டும், மீட்டர் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அதற்கு அவரைப் படிக்க வைப்போம். ஓய்வு பெறும் வரை வேலை உண்டு என்று கடிதம் கொடுங்கள்" என்றேன்.

முதலாளி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். 2015 வெள்ளம் அவருக்கும் நினைவு வந்ததோ என்னவோ, கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்கு மறுநாள் காலை என் மேஜை மேல் காக்கி உறை போட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. 22 வருஷக் குறிப்புகள்! எந்த யந்திரம் எதற்கு, எந்தக் கிளையில் எந்த எண், எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம் எல்லாம் முத்து முத்தாக. தெரியாத ஏழில் ஆறுக்கு அன்றைக்கே விடை கிடைத்தது. ஏழாவதை, முன்னே இருந்த ஒரு குமாஸ்தா தம் சௌகரியத்துக்காக வைத்துப் போனதாம். அதைத் தூக்கிப் போட்டோம்.

ஜாபிதா முடிந்ததும் பாகம் பிரித்தோம். இதைத் தொழிலில் பெரிய பெரிய ஆங்கிலப் பெயர்களில் சொல்கிறார்கள். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் ஆறே விதம். அப்படியே தூக்கிக் கொண்டு போவது, கொஞ்சம் தட்டிக் கொட்டிச் சரி செய்து கொண்டு போவது, நம்முடையதை விட்டுவிட்டு அதே காரியத்தைச் செய்யும் வேறொன்றை மாச வாடகைக்கு எடுப்பது, அடியோடு புதிதாகக் கட்டுவது, கழித்துக் கட்டுவது, இப்போதைக்கு இருந்த இடத்திலேயே விட்டு வைப்பது. பில் போடும் புரோகிராம் அப்படியே போயிற்று. கடிதப் போக்குவரத்துக்கு மாச வாடகை. கிடங்கு வாசலில் விரல் ரேகை பதியும் கருவி அங்கேயே இருந்தாக வேண்டும். 31-ல் ஒன்பதைக் கழித்தோம். குடி போவதில் உள்ள ஒரே லாபம் பரண் சுத்தமாவதுதான் என்று என் மாமியார் சொல்வார். ரொம்ப வாஸ்தவம்.

பணம்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. சொந்த ஸர்வருக்கு ஒரு தரம் பெரும் பணம். பிறகு கரண்ட், பாட்டரி, பராமரிப்பு. கிளவுடில் டாக்ஸி மீட்டர் மாதிரி. வண்டி நின்றிருந்தாலும் காத்திருக்கும் காசு ஏறும். வாரத்துக்கு 168 மணி. எங்கள் ஆபீஸ் நாளுக்கு 11 மணி, ஆறு நாள். ஆக 66 மணி. அறிக்கை தயாரிக்கும் யந்திரங்களை ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஓட விட்டால், பத்தில் நாலு பங்கு நேரத்துக்குத்தான் காசு. விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வரும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டே, அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும். இன்னொன்று: உள்ளே கொண்டு போவதற்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை, வெளியே எடுப்பதற்குக் கேட்பார்கள். அதை ஒப்பந்தம் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். எல்லாம் இண்டர்நெட்டை நம்பியதால், இரண்டு வேறு கம்பெனிகளிடம் இரண்டு இணைப்பு வாங்கினோம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தோம். கூட்டிப் பார்த்தபோது மிச்சம் கொஞ்சந்தான். "பரவாயில்லை, நான் வாங்குவது நிம்மதி" என்றார் முதலாளி.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனிக் கணக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் வைத்தால், அதன் பிரதி தினந்தோறும் இந்தியாவுக்குள் இருக்கும் ஸர்வரில் சேர வேண்டும் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. ஆகவே மும்பையில் குடித்தனம், ஹைதராபாதில் ஒரு பிரதி என்று ஏற்பாடு செய்தோம்.

பூட்டும் சாவியும் அடுத்தது. அடுக்கு மாடி வீட்டில் வெளி வாசலுக்குக் காவல்காரர் இருப்பார். ஆனால் உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டுவது உங்கள் பொறுப்பு. கிளவுடும் அப்படித்தான். கட்டடமும் கரண்டும் அவர்கள் பாடு. யாருக்கு எந்தச் சாவி என்பது நம் பாடு. ரகசியச் சொல் ஒன்று போதாது என்று, கைபேசிக்கு வரும் எண்ணையும் சேர்த்தால்தான் கதவு திறக்கும்படி செய்தோம். வேலையை விட்டுப் போகிறவரின் சாவியை அன்று மாலையே வாங்கிவிட வேண்டும் என்று விதி வைத்தோம்.

அடுத்தது, ஏற்றுமதி. 20 வருஷத்துப் பில்களின் படங்களும் மோட்டார் வரைபடங்களும் சேர்ந்து 4 டெராபைட். வினாடிக்கு 100 மெகாபிட் போகும் இணைப்பில் இரவும் பகலும் ஓயாமல் அனுப்பினாலும் ஏறக்குறைய நாலு நாள் பிடிக்கும். ஆகவே பழையதை எல்லாம் முன்கூட்டியே மெள்ள மெள்ள அனுப்பிவிட்டு, கடைசி நாளில் மாறியதை மட்டும் அனுப்புவது என்று தீர்மானித்தோம். பெரிய பெட்டிகள் முன்னால் போகும். அடுப்பங்கரைச் சாமான் கடைசி வண்டியில் போகும் இல்லையா?

நாள் பார்த்ததில் தமாஷ் நடந்தது. முதலாளி பஞ்சாங்கத்தை எடுத்தார். நான் வரிக் காலண்டரை எடுத்தேன். ஆடியில் குடி போகக் கூடாது என்றார் அவர். ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் 11-ந் தேதியும் 20-ந் தேதியும் அருகில் இருக்கக் கூடாது, மாசக் கடைசி கூடாது, தீபாவளிக்கு முன் வரும் நெருக்கடி கூடாது என்றேன் நான். இரண்டு பேருக்கும் பொருந்தி வந்தது செப்டம்பர் 23, சனிக்கிழமை.

அதற்கு முன் இரண்டு ஒத்திகை. ஒத்திகை வீண் செலவு என்று யாராவது சொன்னால் இங்கிலாந்துக் கதையைச் சொல்லுங்கள். 2018 ஏப்ரலில் டி.எஸ்.பி. என்ற பாங்கி ஒரு வார இறுதியில் தன் கம்ப்யூட்டர் ஏற்பாடு முழுவதையும் வேறிடத்துக்கு மாற்றிற்று. வாடிக்கையாளர்கள் 50 லட்சத்துக்கு மேல். திங்கட்கிழமை எத்தனையோ பேருக்குத் தங்கள் கணக்கையே பார்க்க முடியவில்லை. தொல்லை பல வாரம் நீடித்தது. 2022 டிசம்பரில் அந்தப் பாங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல்!

எங்கள் முதல் ஒத்திகையில் கணக்கு எல்லாம் தம்படி பிசகாமல் சரியாக இருந்தது. ஆனால் கோயமுத்தூரில் மட்டும் பில் அச்சாகவில்லை. கம்ப்யூட்டர் கற்ற பையன்கள் இரண்டு மணி நேரம் தேடினார்கள். அண்ணன் நோட்டைப் புரட்டினார். "2011-ல கோயமுத்தூர் புரோகிராமுக்குள்ளேயே பழைய ஸர்வர் விலாசத்தை எழுதிட்டாங்கம்மா. அது இன்னும் பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கிட்டிருக்கு" என்றார். விலாசத்தை மாற்றினார்கள், பில் வந்தது. பையன்கள் அன்று முதல் அவரை "ஸார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பழைய ஸர்வரில் வேலையை நிறுத்தினோம். "ஞாயிறு மாலை நாலு மணிக்குள் நாலு எண்கள் ஒத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவது" என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். வர வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு, பேரேட்டின் மொத்தம், ஒவ்வொரு கிளையின் கடைசி பில் எண். திரும்பி வரும் வழியை முன்பே நிச்சயித்து வைத்தால், அகாலத்தில் தூக்கக் கலக்கத்தில் யாரும் வீறாப்புப் பேச வேண்டியதில்லை. ஞாயிறு காலை பதினொன்றரைக்கு நாலும் ஒத்தன. திங்கட்கிழமை மதுரைக் கிளையிலிருந்து டெலிபோன் வந்தது. திக்கென்றது. "என்ன அக்கா, சனிக்கிழமை மாத்தறதாச் சொன்னீங்களே, மாத்தலையா?" என்று ஒரு பெண் கேட்டாள். இதைவிட நல்ல பாராட்டு எனக்கு வேண்டாம்.

மேகத்துக்குப் போய்விட்டால் ஆபத்தே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 2024 மே மாசத்தில் ஆஸ்திரேலியாவில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் கொண்ட ஓர் ஓய்வூதிய நிதியின் கிளவுட் கணக்கு, கிளவுட்காரர்கள் செய்த தவற்றினால் அடியோடு அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் பிரதி வைத்திருந்ததால் தப்பினார்கள். சொந்தக் கட்டடம் என்றால் பத்திரமா? 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென் கொரியாவில் அரசாங்கத்தின் சொந்தக் கட்டடத்திலேயே பாட்டரிகள் தீப்பிடித்தன. அரசாங்க ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கருகிற்று. வேறிடத்தில் அதற்குப் பிரதி இல்லை. ஆக, இடம் காப்பாற்றுவதில்லை; இன்னொரு பிரதிதான் காப்பாற்றுகிறது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது தொழிலில் பழைய விதி.

எங்கள் அண்ணன் மாசத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு தேதியைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார். அந்தத் தேதியின் கணக்கைப் பிரதியிலிருந்து மீட்டு, அச்சிட்ட தாளுடன் வைத்துப் பார்த்து, சரி என்று நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்க்காமல் ஊறுகாய் இருக்கிறது என்று சொல்லக் கூடாதல்லவா? பழைய ஸர்வர் அறையில் இப்போது பெண்கள் மத்தியானம் சாப்பிடுகிறார்கள். பெரியவர் பெண் நர்ஸிங் முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

உங்கள் வீட்டிலும் கிளவுட் இருக்கிறது, தெரியுமோ? கைபேசியில் எடுக்கும் குழந்தைகளின் படங்கள் அங்கேதான் சேருகின்றன. பல கைபேசிகளில், இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். ஆகையால் கல்யாணப் படங்களுக்கும் பத்திரங்களின் படங்களுக்கும் தனியாக இன்னொரு பிரதி எடுத்து, கூடுமானால் அக்கா வீட்டிலோ அம்மா வீட்டிலோ வைத்து விடுங்கள்.

நாளைக்கு உங்கள் ஆபீஸிலோ, உங்கள் கணவரின் ஆபீஸிலோ கிளவுட் பேச்சு வந்தால், எது எதை நம்பி இருக்கிறது, சாவி யாரிடம், இன்னொரு பிரதி எங்கே, திரும்பி வரும் வழி எது என்ற நாலு கேள்விகளைக் கேளுங்கள். நாலுக்கும் பதில் வந்த பிறகு ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத் தயங்காதீர்கள்: இத்தனை நாள் அந்த அறையைக் காத்து வந்தாரே, அவருக்கு என்ன ஏற்பாடு?